வெள்ளிக்கிழமைப் பையில் போகாத கடிதம்

எழுபதுகளின் பிற்பகுதியில், மெல்பேர்னில் எங்களுடைய இரண்டாவது குளிர்காலத்தில் நடந்தது இது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நானும் கணவரும் கிளென் வேவர்லியில் ஒரு வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்து இருந்தோம். ரயில் பாதை அங்கேதான் முடியும். காலையில் நான் போகும்போது வெறும் பெட்டிகள் விளக்கோடு பனிமூட்டத்துக்குள் காத்துக்கொண்டு நிற்கும். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினால் ஊரில் இருப்பேன். திறந்தால் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாது. அந்த வருடம் முழுவதும் நான் அரைத்தூக்கத்தில்தான் நடமாடினேன் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் பேசும் ஆங்கிலம்கூடக் கொஞ்சம் தாமதமாகத்தான் என்னை வந்து சேரும்.

எனக்கு நகரத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தட்டச்சு வேலை. இராணுவத்தின் துணைப்படைக்காரர்களுடைய கோப்புகள் அங்கே இருந்தன. துணைப்படை என்றால் வாரநாட்களில் தச்சராகவோ வாத்தியாராகவோ வேலை செய்துவிட்டு, சனி ஞாயிறுகளில் சீருடை போட்டுப் பயிற்சிக்குப் போகிறவர்கள். யார் எத்தனை நாள் வந்தார், யார் உடம்பு சரியில்லாமல் விலக்கப்பட்டார் என்றெல்லாம் கடிதம் அடிப்பது என் வேலை. முகம் தெரியாத மனிதர்களின் நெஞ்சும் முழங்காலும் காதும் கண்ணும் என் மேசையைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும்.

அவர்களில் ஒருவரை மட்டும் எனக்கு முகம் தெரியும். டிராம் ஓட்டுநர். துணைப்படையில் சார்ஜன்ட். மருத்துவப் பரிசோதனைப் படிவத்தைக் கொடுக்க ஒருநாள் நேரில் வந்தார். குளிரில் நான் விரல்களை ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, மூலையில் இருந்த ஹீட்டரைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். இன்னும் ஒரேயொரு வாரஇறுதிப் பயிற்சிதான் பாக்கி, அது முடிந்தால் தன் ஆண்டுகள் பூர்த்தியாகிவிடும், அதற்குப் பிறகும் வயது வரும்வரை போய்க்கொண்டுதான் இருப்பேன் என்றார். குளிரையும் மழையையும் பற்றிப் பேசுகிற குரலில்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டுக்கணக்கு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கந்தோர் விதிப்படி, மருத்துவர்கள் ஒருவரைத் தகுதியில்லை என்று விலக்கினாலும், குறித்த ஆண்டுகளை முழுதாக முடித்திருந்தால் அவர் உரிய வயது வருமுன்பே ஓய்வு பெறலாம். ஓய்வு பெற்ற சார்ஜன்ட் என்ற பெயர் அவருக்கு இருக்கும். சீருடையை வைத்திருக்கலாம், விசேட நாட்களில் தன் ஆட்களோடு போய் உட்காரலாம். ஒரு நாள் குறைந்தாலும் இதொன்றும் கிடையாது. பெயரை வெட்டிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். இத்தனை வருடம் வந்தவர் வராதவர் போலத்தான்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவருடைய கடிதம் என் மேசைக்கு வந்தது. இருதயத்துடிப்பில் கோளாறு. இந்தக் கடிதம் கிடைத்ததிலிருந்து எந்தப் பயிற்சியிலும் கலந்துகொள்ளக் கூடாது. ஆண்டுகள் பூர்த்தியாகாததால் முன்கூட்டியே ஓய்வு பெறும் தகுதியும் இல்லை. நானே அடித்தேன். என் மேலதிகாரி, கண்டிப்பான ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி, மத்தியானத்துக்கு முன்பே கையெழுத்து வாங்கித் தந்துவிட்டார். தினமும் மூன்று மணிக்கு வரும் வண்டி, கடிதப் பையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பயிற்சி மண்டபமாகப் போகும், அங்கிருந்து அன்றைக்கே உரியவர் கையில் சேர்ப்பார்கள். அந்தப் பையில் போட வேண்டியதுதான் என் வேலை.

நான் போடவில்லை.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் ஒருவரை ஒருவர் ஏசக்கூட மாட்டார்கள். அதிலும் ஆடி வெள்ளி. அன்று செத்தவீட்டுச் செய்தி வந்தால்கூட, விளக்கு வைத்தாயிற்று, விடியட்டும் என்று பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். காலையில் தலை முழுகி, விரதம் இருந்து, வெறும் வயிற்றோடு அந்தக் கந்தோர்க் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே இலையில்லாத மரங்கள் வெயில் மாதிரி ஒன்றில் நின்றுகொண்டிருந்தன. நல்ல நாளும் அதுவுமாக ஒரு மனிதரின் நெஞ்சை உடைக்கும் கடிதத்தை என் கையால் அனுப்ப மனம் வரவில்லை. மற்றக் கடிதங்களையெல்லாம் பையில் போட்டேன். அதை மட்டும் மேசை இழுப்பறையில் வைத்தேன். திங்கட்கிழமை போகட்டும், இரண்டு நாள் அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பெரிய புண்ணியம் செய்துவிட்ட மாதிரி மனசு லேசாக இருந்தது.

அன்று மாலை சமையலை முடித்து, குசினியிலேயே விளக்கேற்றிவிட்டுக் கணவரிடம் சொன்னேன். அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. ஆடி வெள்ளியும் அதுவுமாய் ஆருக்கும் அப்படி ஒன்று போகக் கூடாது, நல்ல வேலை செய்தீர் என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஏன் அந்தப் பை இவ்வளவு அவசரமாகப் போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் யோசனை வரவில்லை. மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை பயிற்சி. யாராவது போகக் கூடாது என்றால் அதற்கு முன்பு தெரிய வேண்டும். ஒரு வருடமாக அந்தப் பையைக் கட்டிக் கொடுத்தவளுக்கு இது தெரியவில்லை என்றால் என் தூக்கம் எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

திங்கள் காலை இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கையில் வைத்திருக்கும்போதே மேலதிகாரி செய்தியோடு வந்தார். சார்ஜன்ட் மலைப்பக்கம் நடந்த முகாமுக்குப் போயிருக்கிறார். ஞாயிறு மத்தியானம் கூடாரத்தை மடிக்கும்போது அப்படியே சரிந்து விழுந்திருக்கிறார். நான்கு பேர் ஒரு மைல் தூரம் தூக்கிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உயிர் இருக்கிறது, பிழைப்பாரா என்று இனித்தான் சொல்ல முடியும் என்று டாக்டர்கள் சொன்னார்களாம்.

வெள்ளிக்கிழமையே கையெழுத்தான கடிதம் ஏன் அவருக்குப் போகவில்லை என்று மேலதிகாரி பொதுவாகக் கேட்டார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் கடிதத்தை ஒரு கோப்புக்கு அடியில் தள்ளினேன். சுற்றிலும் பேசிய குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல இருந்தன. அப்போது பக்கத்து மேசைக்காரர் ஒன்று சொன்னார். ஆள் இரண்டு நாளும் பயிற்சியில் நின்றிருக்கிறார், ஞாயிறு காலைப் பெயர் கூப்பிட்டாயிற்று, அப்படியென்றால் ஆண்டுகள் பூர்த்தி. ஆனால் கடிதம் வெள்ளியே போய்விட்டதாகக் கணக்கு வந்தால் அந்த இரண்டு நாளும் செல்லாது என்றார். அதைக் கேட்டதும் எனக்கு மௌனமாக இருக்க ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. வாயைத் திறந்தால் அவருக்குத்தானே நட்டம்.

மாலையில் கணவரிடம் அழுதேன். அவர் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இஞ்சரும், ஒருத்தரிட்டையும் சொல்லாதையும். உம்மட வேலை போகும். அந்த மனிசனுக்குக் கிடைக்கிறதும் போகும். ஆருக்கு நன்மை, சொல்லும் பாப்பம்?"

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும், சார்ஜன்ட் செத்துப்போனால் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, பார்வையாளரை விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீண்ட வார்டு. வெள்ளைத் திரைகள் காற்றில் அசைந்தன. கடைசி ஜன்னல் ஓரம் அவர் படுத்திருந்தார், முகம் அந்தத் திரையின் நிறத்தில். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டு, அந்த ஹீட்டர் வேலை செய்கிறதா என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆடி வெள்ளி என்றால் என்ன என்று சொல்லத் தொடங்கி, பாதியில் வெட்கமாக இருந்தது. விளக்கும் விரதமும் அந்த வார்டில் எவ்வளவு தூரத்து விஷயமாகத் தெரிந்தன!

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"கெட்டதோ நல்லதோ, அது என்னுடைய கடிதம்," என்றார் கடைசியில். "வெள்ளிக்கிழமையே தந்திருந்தால், சனிக்கிழமை காலை மண்டபத்துக்குப் போய் என் ஆட்களிடம் சொல்லிவிட்டு வந்திருப்பேன். இதுதான் கடைசி என்று எனக்குத் தெரிந்திருக்கும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். தலையை அசைத்தார். பிறகு, மூன்று மணிப் பைக்கு நேரமாகிறது, போங்கள் என்று என்னை அனுப்பிவிட்டார்.

நேரே மேலதிகாரியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார், தந்தேன். வேலை போய்விடும் என்பது மட்டுமில்லை என் பயம். நான் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்த மனிதரின் பெயரை வெட்டிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன். ஆனால் அவரிடம் ஒளித்த மாதிரி இன்னொரு தடவை ஒளிக்க எனக்குத் தைரியம் இல்லை.

மேலதிகாரி வாசித்துவிட்டு விதிப் புத்தகத்தை எடுத்து வந்தார். கடிதம் எப்போது அடித்தது, எப்போது போயிருக்க வேண்டும் என்பதெல்லாம் கணக்கில் வராது, சம்பந்தப்பட்டவரின் கையில் கிடைத்த நாள்தான் கணக்கு என்று அதில் இருந்தது. அவருடைய இரண்டு நாளும் செல்லும். எனக்குக் கண்டனக் கடிதம் ஒன்று கிடைத்தது. அதை அந்த அம்மாள் பையில் போடவில்லை, அன்றைக்கே நேரில் என் கையில் தந்தார்.

கந்தோரில் சிலர் கண்ணடித்துச் சிரித்தார்கள். கெட்டிக்காரி, தெரிந்துதான் கடிதத்தை நிறுத்தி அந்த ஆளுக்கு ஓய்வை வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்றார்கள். எனக்கு அவ்வளவு புத்தி இருந்தால் நான் ஏன் தட்டச்சு மேசையில் இருக்கிறேன்? நான் அவருடைய இரண்டு நாளை நினைக்கவேயில்லை. என்னுடைய வெள்ளிக்கிழமையைத்தான் நினைத்தேன். கெட்ட செய்தி அவரைச் சேரக் கூடாது என்பதைவிட, என் கையால் போகக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற சார்ஜன்ட் என்று கடிதம் அடித்ததும் நான்தான். அதை வாங்கிக்கொண்ட பிறகு, எங்கள் இரண்டு பேரையும் ஒரு சனிக்கிழமை காலை பயிற்சி மண்டபத்துக்கு வரச்சொல்லி அழைத்தார். எனக்குப் போக வெட்கம். கணவர்தான், கூப்பிட்ட மரியாதைக்குப் போகத்தான் வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனார்.

முற்றம் முழுவதும் பனிமூட்டம். அணியில் நின்றவர்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. மருத்துவர் தடுத்திருந்ததால் அவர் அணியில் சேரவில்லை, மேலங்கி போட்டுக்கொண்டு எங்கள் பக்கத்தில், சுவரோரம் நின்றார். அவருடைய இடத்தில் வேறொருவர் நின்று கட்டளை கொடுத்தார். அந்தக் குரல் வந்ததும் வரிசையில் இருந்த அத்தனை காலும் ஒன்றாகச் சேர்ந்தன. என் பக்கத்திலும் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவருடைய கால்களும் தாமாகச் சேர்ந்திருந்தன. அவர் உடனே குனிந்து காலைப் பார்த்துவிட்டு, மெல்ல விலக்கி வைத்துக்கொண்டார். நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு பல வருடம் இப்படிப்பட்ட கடிதங்களோடுதான் வேலை செய்தேன். எந்த நாளாக இருந்தாலும் ஒன்றைக்கூட நிறுத்தி வைத்ததில்லை. அந்த மனிதருக்குச் சேர வேண்டிய ஓய்வை விதி கொடுத்துவிட்டது, ஆனால் கடைசித் தடவை என்று தெரிந்துகொண்டே தன் ஆட்களுக்கு முன்னால் நிற்கும் ஒரு காலைப்பொழுதை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன் என்பதும், அதைத் திருப்பிக் கொடுக்க எந்த விதிப் புத்தகத்திலும் வழியில்லை என்பதும் இன்றைக்கும் என்னை உறுத்துகின்றன.