மனைவியின் தையல் கடையும் எனக்குப் பிடித்த விதியும்

அரசு ஊழியர் நடத்தை விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு. குடும்பத்தார் நடத்தும் தொழிலுக்கு ஊழியர் ஆதரவு திரட்டக் கூடாது என்பது அது. அதைப் படித்த அன்று வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

நான் கிண்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். பத்தாவது படித்தவன். கோப்பு கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். கேட்காதவர்களிடம் பேச மாட்டேன். என் மனைவி அபிராமபுரத்தில் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே இடம் பிடித்து ரவிக்கை தைக்கும் கடை போட்டாள். எதிரே கண்ணாடிக் கதவு வைத்த பெரிய தையல் கடை. இவளிடம் வந்த ஒன்றிரண்டு பேரும் கிழிந்த நைட்டியைத்தான் கொடுத்தார்கள். பொங்கல் வரை பார்ப்பது, தேறாவிட்டால் இடத்தைக் காலி செய்துவிட்டுப் பழையபடி துணி கம்பெனிக்கே பட்டன் காஜா எடுக்கப் போவது என்று முடிவு செய்திருந்தாள். அதைச் சொன்னபோது ஊசியில் நூல் கோப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். கையில் ஊசி இல்லை.

என் அலுவலகத்தில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களிடம் சொல்லி அளவு பிளவுஸ் வாங்கி வா என்றாள். ஒரு பெண்ணிடம் போய் உங்கள் ரவிக்கையைக் கொடுங்கள் என்று கேட்பதை நினைத்தாலே எனக்கு வேர்த்தது.

“வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவ?”

அப்போதுதான் அந்த விதி கைகொடுத்தது. புத்தகத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டினேன். அவள் அதைப் பிடுங்கி, நான் படிக்காமல் விட்ட வரியைப் படித்தாள். குடும்பத்தில் யாராவது தொழில் நடத்தினால் ஊழியர் அதை எழுத்து மூலம் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

“இத்த எழுதிக் குட்தியா?”

கொடுக்கவில்லை. வேலைக்கே ஆபத்து என்று பயந்து மறுநாளே எழுதினேன். எதையும் மறைத்ததாக இருக்கக் கூடாது என்று தெருவின் பெயர், இறங்க வேண்டிய பஸ் நிறுத்தம், கடை திறந்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்தேன்.

எங்கள் அலுவலகத்தில் எந்தக் காகிதமும் ஐந்து மேசையைத் தாண்டாமல் மேலே போகாது. ஒரு வாரத்தில் கண்காணிப்பாளர் அம்மாவின் குறிப்போடு அது என்னிடமே திரும்பியது. ‘லைனிங் வைத்துத் தைக்கப்படுகிறதா, ஆரி ஊசிப் பூவேலை மேற்கொள்ளப்படுகிறதா, துணி கொடுத்த எத்தனை நாளில் கிடைக்கும் ஆகிய விவரங்களுடன் மீளச் சமர்ப்பிக்கவும்.’

மனைவியிடம் கேட்டு முறைப்படி பதில் எழுதினேன். லைனிங் உண்டு. ஆரி வேலை பழகி வருகிறார். நான்கு நாள். அந்தப் பதிலும் ஐந்து மேசை ஏறியது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை கடைக்குப் போனேன். வாசலில் தெரு வரைக்கும் செருப்புகள். உள்ளே கேட்ட குரல்கள் எல்லாம் எங்கள் அலுவலகக் குரல்கள். அப்படியே திரும்பி, அவர்கள் போகும்வரை டீக்கடையில் நின்றேன். மூன்று டீ ஆனது.

பிறகு உத்தரவு வந்தது. தகவல் பதிவு செய்யப்பட்டது. ஊழியர் அத்தொழிலில் எவ்வகையிலும் ஈடுபடக் கூடாது. அதைத் தயாரித்த கண்காணிப்பாளர் அம்மாவே ஒரு நாள் என் மேசைமேல் காகிதப் பொட்டலம் ஒன்றை வைத்தார்.

“கழுத்து ஒரு விரல் ஏறிப்போச்சு. வீட்ல குடுத்து எறக்கித் தரச் சொல்லுங்க.”

மேலதிகாரியிடம் நான் முடியாது என்று சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

“விதிப்படி நான் தொடக் கூடாதுங்க மேடம்.”

அவர் பொட்டலத்தை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போனார். மெமோ வரும் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மனைவி சொன்னாள்: “உங்க சூப்பரண்டம்மா மூஞ்ச தூக்கிவெச்சிக்கினு வந்தாங்க. போவசொல்ல இன்னும் ரெண்டு துணி குட்துட்டுப் போனாங்க.”

பொங்கலன்று காலையிலும் அவள் கடையைத் திறக்க வேண்டியிருந்தது. வீட்டில் நான்தான் பொங்கல் வைத்தேன். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.