தெற்குச் சுவரின் இடுக்குச் சிலந்திகள்

2019 ஜனவரி 6. மொத்தம் 19.
2020 ஜனவரி 5. மொத்தம் 22.
2021 ஜனவரி 10. மொத்தம் 21.
2022 ஜனவரி 9. மொத்தம் 34.
2023 ஜனவரி 8. மொத்தம் 52.
2024 ஜனவரி 7. மொத்தம் 83.

வலங்கைமானில் ஒரு நெல் குடோனின் தெற்குச் சுவரில் குடியிருந்த சிலந்திகளின் கணக்கு இது. எண்ணியவர் வித்யாலக்ஷ்மி. கும்பகோணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பத்திரண்டு வருஷம் விலங்கியல் நடத்தி, 2018இல் ஓய்வு பெற்று, அப்பா விட்டுப்போன வீட்டுக்குத் தனியாளாகத் திரும்பி வந்தவர். ஒரு காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. நிலம் விற்றுப்போய் வீடும் கொல்லையும், கொல்லையை ஒட்டிய குடோனும் மட்டும் மிஞ்சின. குடோனை நெல் வியாபாரி அப்சருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். தெற்குச் சுவரின் மேற்குப் பாதி இவருடைய கொல்லையைப் பார்த்திருக்கும். கிழக்குப் பாதியில் ஒரு தகரச் சாய்ப்பு. அதன் கீழே அப்சரின் தங்கை ஜஸீலா மூன்று தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்துவந்தாள்.

கல்லூரியில் மாணவிகள் வைத்த பெயர் ‘எட்டுக்கால் மேடம்’. அது அவருக்குத் தெரியும், கோபம் இல்லை. லேபிள் விஷயத்தில்தான் கோபம் வரும். பிடித்த பூச்சியைப் புட்டியில் போட்டதும், வேறு எந்த வேலைக்கும் முன்னால், பிடித்த இடமும் தேதியும் பிடித்தவர் பெயரும் பென்சிலால் எழுதி உள்ளே போட வேண்டும். “லேபிள் இல்லாட்டி அது ஸ்பெசிமன் இல்லை, செத்த பூச்சி” என்பார். சாப்பாட்டு மணி அடித்தாலும் லேபிள் எழுதாமல் யாரும் ஆய்வகத்தை விட்டு நகர முடியாது.

அந்தச் சுவரில் இருந்தவை ஃபிலிஸ்டாடிடே என்கிற குடும்பத்தைச் சேர்ந்தவை. செங்கல் இடுக்கில் குழாய் போல வளை பின்னி, அதற்குள்ளேயே வாழ்நாளைக் கழிப்பவை. துளை வாயிலிருந்து நாலாபக்கமும் நூல்கள் ஓடும். அந்த நூலில் பசை கிடையாது. வயிற்றின் அடியில் உள்ள ஒரு தட்டிலிருந்து வரும் இழையைப் பின்னங்காலில் உள்ள மயிர்ச்சீப்பால் சீவிச் சீவி, பஞ்சு போல ஆக்கிப் போடும். புதிதாக இருக்கும்போது நூலில் லேசாக நீலம் தெரியும். எறும்போ அந்துப்பூச்சியோ அதில் கால் வைத்தால் சிக்கிக்கொள்ளும். தாடைகள் அடியில் ஒட்டியிருப்பதால் அகலத் திறக்காது. அதனால் இரையின் காலைக் கடித்து உள்ளே இழுத்துப் போகும். எட்டுக் கண்ணும் தலையில் ஒரே மேட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். சிலந்தி வம்சத்தில் இந்தக் குடும்பத்தை எந்தக் கிளையில் வைப்பது என்று படித்தவர்களுக்குள் நெடுங்காலம் தகராறு. உடலமைப்பில் சில பழசாகவும் சில புதுசாகவும் இருப்பதால், பாகப்பிரிவினையில் யாரும் ஏற்றுக்கொள்ளாத ஒண்டு வீடு மாதிரி அது அங்கும் இங்குமாகத் தள்ளப்பட்டு வந்திருக்கிறது.

வித்யாலக்ஷ்மிக்கு வேண்டியிருந்தது குடும்பப் பெயர் அல்ல, இனத்தின் பெயர். சென்னையில் ரகுராமன் என்றொரு வகைப்பாட்டு நிபுணர் இருந்தார். எண்பது வயது. மின்னஞ்சல் கிடையாது, இங்க் பேனாவால் கடிதம் எழுதுவார். இரண்டு பெண் சிலந்திகளை அனுப்பியதற்கு வந்த பதிலில், “பெண்ணை வைத்துக்கொண்டு பேரினத்தை ஊகிக்கலாம். இனத்தைச் சொல்ல முடியாது. முதிர்ந்த ஆண் ஒன்று அனுப்புங்கள்” என்று எழுதியிருந்தார். பெண், பருவம் வந்த பிறகும் தோலுரித்து வருஷக்கணக்கில் அதே துளையில் இருக்கும். ஆண் கடைசியாக ஒருமுறை தோலுரிக்கும், நெட்டைக்காலோடு வளையை விட்டு வெளியேறும், அலையும், சாகும். ஐந்து வருஷத்தில் வித்யாலக்ஷ்மியின் கையில் முழுசாக ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அந்தச் சுவரை யாரும் தொடக் கூடாது என்று வாடகைப் பத்திரத்திலேயே எழுதி வாங்கியிருந்தார். புது நெல் வருவதற்கு முன்னால் மார்கழியில் குடோனுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். கொத்தனார் மருதையன் வருஷா வருஷம் மூன்று சுவரை அடித்துவிட்டு, நான்காவதன் முன் வந்து நிற்பார்.

“மூணு பக்கம் மாப்பிள்ளை மாதிரி இருக்கு, இந்தப் பக்கம் மட்டும் பிச்சைக்காரன். ஒரு கை அடிச்சு விட்டுடறேனேம்மா” என்றார் 2023 மார்கழியில்.

“வேண்டாம் மருதையன். அதுங்க வீடு போயிடும்.”

“அடிக்கறது மேக்கப்புதாம்மா. அதுக்கு முன்னால கரணையால தட்டித் தட்டிப் பாக்குறேன் பாருங்க, அதுதான் சுவத்துக்கு வைத்தியம். இதை நாடி பாத்தே ஆறு வருஷம் ஆச்சு.”

அப்சர் பின்னாலிருந்து சிரித்தார். “விடுங்க மருதையா. சுவர் இருந்தாத்தான் சித்திரம்னு சொல்லுவாங்க. டீச்சருக்குச் சிலந்திதான் சித்திரம்.”

ஜனவரியில் எண்பத்துமூன்று என்று தேறியபோது வித்யாலக்ஷ்மிக்குத் தலைகால் புரியவில்லை. சுவரைத் தொடாமல் விட்டதன் பலன் என்று நினைத்தார். குடோனில் அந்துப்பூச்சி பெருத்திருக்கிறது, தீனி பெருத்தால் தின்பதும் பெருக்கும் என்று ரகுராமனுக்கு எழுதினார். புது வளைகள் சுவரெங்கும் சிதறியிருக்கவில்லை. மேல்மூலையில் தொடங்கிச் சாய்வாக இறங்கி, தகரச் சாய்ப்பை நோக்கி ஒரே வரிசையில் போயின. அதையும் படம் வரைந்து அனுப்பினார். ஏன் வரிசை என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அறுபத்தொன்றாம் எண் துளையில் இருந்தது ஆண். முன்னால் நீட்டியிருக்கும் உணர்கால்களின் நுனி குமிழ் போல வீங்கியிருந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தார். இன்னும் ஒரே ஒரு தோலுரிப்பு பாக்கி.

அன்று ஜஸீலா டம்ளரில் டீயோடு வந்து நின்றாள். பக்கத்துத் துளையிலிருந்த ஒரு குட்டியை அவர் தூரிகையால் தள்ளியபோது அதன் கால் ஒன்று தனியாக விழுந்து துடித்தது.

“அய்யோ, கால் போச்சே டீச்சர்.”

“அதுவாத்தான் விட்டுது. மத்த சிலந்திக்கெல்லாம் கால் அடியோட கழலும். இந்தக் குடும்பத்துக்கு மட்டும் முட்டிக்குக் கீழ. தோலுரிக்கறப்ப திரும்ப முளைச்சுடும். ஆணுக்குப் பருவம் வந்துட்டா அப்புறம் முளைக்காது. பொம்பளைக்கு வயசானாலும் முளைக்கும்.”

“நல்ல குடும்பமா இருக்கே. நானும் இந்த மெஷினை மிதிச்சு மிதிச்சு வலிக்கற காலைக் கழட்டிப் போட்டுட்டு வேற வாங்கிப்பேன்.” அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

மாசி பிறக்கும் சமயம் சம்பா நெல் வரத் தொடங்கியது. லாரி லாரியாக இறங்கியது. மூட்டைகளைத் தெற்குச் சுவரில் சாத்தி உத்தரம் வரை அடுக்கினார்கள். ஒவ்வொரு மூட்டை விழும்போதும் கொல்லைப் பக்கத்தில் துளை வாய்களின் நூல்கள் ஒன்றாக அதிர்ந்தன. இரை விழுந்ததென்று எண்ணிச் சிலந்திகள் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பின. இரண்டு நாளில் வருவதை நிறுத்திக்கொண்டன.

பிப்ரவரி 12, திங்கட்கிழமை. நான்காம் எண் துளைக்காரி வெட்டவெளிச்சத்தில் சுவரில் நடந்துகொண்டிருந்தாள். முதல் வருஷக் கணக்கிலிருந்தே அங்கே இருப்பவள் அவள். இந்தக் குடும்பத்துப் பெண் உயிரோடு துளையை விட்டு வெளியே வருவதை வித்யாலக்ஷ்மி அதுவரை பார்த்ததில்லை. குனிந்து துளைக்குள் பார்த்தார். குழாய் நீளவாக்கில் இரண்டாகக் கிழிந்திருந்தது. பக்கத்துத் துளையில் நூல்கள் தொய்வில்லாமல் விறைத்து, தொட்டால் அறும் பதத்தில் நின்றன. சென்ற மாதம் பென்சில் முனை மட்டும் நுழைந்த இடம் அது. இப்போது பென்சிலைச் செருகினார். ரப்பர் வரை போயிற்று.

அப்போதுதான் ஆறு வருஷக் கணக்கும் தலைகீழாகத் திரும்பி நின்றது. பெருகியது சிலந்தி அல்ல, இடுக்கு. இடம் கிடைக்கக் கிடைக்கக் குஞ்சுகள் குடியேறியிருக்கின்றன. அந்தச் சாய்வான வரிசை ஒரே வெடிப்பு. மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும் களிமண்ணில் நிற்கிற பழைய சுவர், முதுகில் மூட்டைகளைச் சுமந்துகொண்டு, சாய்ப்பின் பக்கமாகப் பிளந்துகொண்டிருந்தது.

அப்சரிடம் சொன்னால் அந்த நிமிஷமே மூட்டை இறங்கும். மருதையன் முட்டுக்கட்டையும் சிமெண்டுமாக வருவார். அறுபத்தொன்று போய்விடும். தோலுரிக்கும் தறுவாயில் வளையைக் கிழித்துப் புட்டியில் பிடித்தால் தோலுரிக்காமலே செத்துப்போகும். அதன் உணர்கால் கறுக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. இத்தனை வருஷம் நின்ற சுவர் இரண்டு நாள் நிற்காதா என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

ஆனாலும் மனது கேட்கவில்லை. சாய்ப்புக்குப் போனார்.

“ஜஸீலா, ரெண்டு நாளைக்கு மெஷினை உங்க வீட்டுத் தாழ்வாரத்துல போட்டுக்கோயேன்.”

“ஏன் டீச்சர்?”

“சிலந்தியெல்லாம் இந்தப் பக்கமா இடம் மாறுது. மேல விழுந்து வெக்கும்.”

“கடிக்குமா?”

“கடிக்காது.”

“அப்ப அதுபாட்டுக்குப் போகட்டும். பூச்சி குடிபோகுதுன்னு நானும் குடிபோகணுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள நூத்தம்பது சட்டை முடிக்கணும்.”

சுவர் பிளக்கிறது என்ற வார்த்தை வித்யாலக்ஷ்மியின் நாக்கு நுனி வரை வந்தது. அவர் அதைச் சொல்லாமல் திரும்பினார்.

செவ்வாயன்று ஒன்பது துளைகள் காலி. புதனன்று இருபத்தாறு. சிலந்திகள் எல்லாம் மேற்கு நோக்கியே போயின. கிழக்கே ஒன்றுகூடப் போகவில்லை. வெடிப்பிலிருந்து பொடி உதிர்ந்து சுவரடியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. அதைக் கூட்டித் தள்ளிவிட்டு அறுபத்தொன்றின் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

பிப்ரவரி 15, வியாழக்கிழமை காலையில் துளை வாயில் பழைய தோல் தொங்கியது. பக்கத்தில் ஆண் நின்றது. மெலிந்த உடல், நீண்ட கால்கள், எட்டும் முழுசு. புட்டியைக் கவிழ்த்துப் பிடித்தார். உடனே அப்சரைப் பார்க்கத்தான் எழுந்தார். எழுந்தவர், புட்டியில் ஸ்பிரிட் ஊற்றினார். ஊற்றியதும் முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் அவரை மறுபடி உட்காரவைத்தது. லேபிள் வெட்டினார். பென்சிலைச் சீவினார். ‘வலங்கைமான். நெல் குடோன், தெற்குச் சுவர். துளை எண் 61. ஆண், முதிர்ந்தது’ என்று எழுதினார். கிழக்கே மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தேதியை எழுதினார். தம் பெயரின் கடைசி எழுத்தை எழுதும்போது மெஷின் சத்தம் நின்றது. பிறகுதான் மற்ற சத்தம்.

சுவரின் கிழக்குப் பாதி சரிந்து, மூட்டைகளும் செங்கல்லும் தகரமும் ஒன்றாகக் கிடந்தன. கொல்லை முழுக்க நெல். கூட வேலை செய்யும் பெண்கள் இருவரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஜஸீலா போகவில்லை. சுமைதூக்குகிறவர்கள் வந்து அவளை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உயிர் இருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வித்யாலக்ஷ்மி அப்சரிடம் எல்லாவற்றையும் சொன்னார். எந்தக் கிழமை தெரிந்தது, எதற்காகச் சொல்லவில்லை என்பது வரை. அப்சர் கேட்டு முடித்ததும், “நீங்க வீட்டுக்குப் போங்க டீச்சர்” என்றார். அந்த மாதமே குடோனைக் காலி செய்தார். புட்டியை ரகுராமனுக்கு அனுப்புவதா, கொல்லையில் புதைப்பதா என்று வித்யாலக்ஷ்மி மூன்று வாரம் மேஜைமேல் வைத்திருந்தார். பிறகு அனுப்பினார்.

ஜூனில் ஒரு நாள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு ஜஸீலாவைப் பார்க்கப் போனார். அவள் தாழ்வாரத்தில் மோட்டார் வைத்த மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். “உக்காருங்க” என்றாள். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் தையலை முடித்து, நூலைப் பல்லால் அறுத்தாள்.

“அந்த ஆணுக்குப் பேரு கிடைச்சுதா டீச்சர்?”

“இன்னும் இல்லை.”

“கிடைச்சதும் வந்து சொல்லுங்க. நானும் தெரிஞ்சுக்கறேன்.”

அவள் அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள்.

ரகுராமனின் கடைசிக் கடிதம் நாலே வரி. வெகுகாலம் முன்பே பெயரிடப்பட்ட இனம் அது. பழைய சுவர்களில் சாதாரணமாகக் காணக்கூடியது. லேபிள் வெகு நேர்த்தி. வித்யாலக்ஷ்மி அதை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு ஜஸீலாவின் வீட்டுக்கு நடந்தார். கடிதம் வந்தது 2024 ஆகஸ்ட் 19.