பொறுப்பாளர் என்ற கட்டம்

புது சர்வரின் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த காலை நேரத்தில் பழவேற்காட்டிலிருந்து போன் வந்தது. என் சீனியர் எத்திராஜின் தம்பி. "அண்ணன் பூட்டாரும்மா" என்றார். இரண்டு வாரம் லீவு என்று சொல்லிவிட்டுப் போன மனிதர். கல்லீரல் கெட்டுப்போனது அவருக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத்தான் தெரியாது.

கும்மிடிப்பூண்டி ஆலையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தத் தாள் நினைவிருக்கும். எந்தக் கணினியில் சிடி போட்டு சிஸ்டம் ஏற்றுவதானாலும் அதை முதலில் நிரப்பியாக வேண்டும். கணினியின் பெயர், நெட்வொர்க்கில் அதற்குரிய ஐ.பி. எண், டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது, கடைசிக் கட்டத்தில் பொறுப்பாளர். எல்லாம் பென்சிலில். நான் அவசரப்பட்டால், "சிடி இன்னா ஓடியா பூடும்? மொதல்ல பேப்பர எடு கலா" என்பார். ஏன் பென்சில் என்று ஒருமுறை கேட்டேன். "மாறக்கூடியது எதையும் பேனாவுல எழுதக்கூடாது" என்றார்.

கணினிகளுக்கு அவர் வைத்த பெயர்களெல்லாம் பழவேற்காடு ஏரி மீன்கள். "கொடுவா காலையிலேர்ந்து படுத்துகினு கீது" என்று சர்வரைப் பற்றி அவர் போனில் சொன்னதைக் கேட்டு, புதிதாக வந்த மேனேஜர் கேன்டீன்காரரைக் கூப்பிட்டு மீனைப் பற்றி விசாரித்தார்.

ஒரு நாள் எத்திராஜ் இல்லாத நேரத்தில், தாள் எதுவும் நிரப்பாமல் ஒரு சர்வரில் சிஸ்டம் ஏற்றினேன். ஐ.பி. எண்ணை மனதிலிருந்தே கொடுத்தேன். அது எடைமேடைக் கணினியின் எண். ஒரே எண் இரண்டுக்கும் போனதால் எடைமேடை நின்றுவிட்டது. எடை போடாமல் லாரி வெளியே போக முடியாது. சிப்காட் சாலை முழுக்க லாரிகள், ஓயாத ஹாரன். என் வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

திரும்பி வந்தவர் நான் ஏற்றிய சர்வரின் எண்ணை மாற்றினார். பிறகு ஒரு தாளை நிரப்பி, பொறுப்பாளர் கட்டத்தில் தன் பெயரை எழுதி, மேனேஜரிடம் கொண்டுபோனார். "ஷீட்டுல என் பேருதான் சார் கீது. தப்பு என்னுது."

மெமோ அவருக்கு வந்தது. அடுத்த மாதம் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. நான் நன்றிகூடச் சொல்லவில்லை. சொன்னால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற வீம்பு. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

லீவில் போகும்போது புது சர்வருக்கான தாளை மடித்துக் கொடுத்தார். "மெஷின் வந்தா பிரிச்சிப் பாரு." என்னைக் கேட்காமலே எழுதிவிட்டாரே என்ற கோபத்தில் மேசை டிராயரில் போட்டுவைத்தேன். பழவேற்காட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள்தான் அந்தத் தாளைப் பிரித்தேன். பெயர், எண், டிஸ்க் எல்லாம் பென்சிலில். பொறுப்பாளர் கட்டத்தில் மட்டும் பேனா. அங்கே என் பெயர் இருந்தது. உட்கார்ந்து அழுதேன்.

பிறகு பழைய கோப்பிலிருந்து எடைமேடை நின்ற நாளின் தாளைத் தேடி எடுத்தேன். அவர் பெயரை ரப்பரால் அழித்து, என் பெயரைப் பேனாவில் எழுதி, மேனேஜரிடம் நீட்டினேன். ஆளே போன பிறகு இது எதற்கு என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு தாள்களும் என்னிடமே இருக்கின்றன. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், என் பெயருக்கு அடியில் எத்திராஜின் பென்சில் அழுத்திய தடம் இன்னும் தெரிகிறது.