எக்சில்டாவின் வீட்டுக்கு அடியில்

எக்சில்டா முபங்காவிடம் நான் சொன்னது ஒரே ஒரு பொய். அதற்கும் வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தேன்.

அவள் கணவன் வெப்பி இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம், மழை ஆரம்பித்த மாதம். எங்கள் செம்புச் சுரங்கத்தில் எண்ணூறு மீட்டர் ஆழத்தில் கூரைப் பாறை இறங்கி நான்கு பேர் மாட்டிக்கொண்டார்கள். மூன்று பேரின் உடலை எடுத்தார்கள். வெப்பி கிடந்த பக்கம் பாறை சரிந்துகொண்டே இருந்ததால் பத்தாம் நாள் அந்த வழியை கான்கிரீட் வைத்து அடைத்துவிட்டார்கள். சவப்பெட்டிக்குள் அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டையும் கால்பந்து பூட்ஸையும் வைத்துப் புதைத்தோம்.

நான் சுரங்கத்தின் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவன். நிலத்துக்கு அடியில் எந்தச் சுரங்கவழி எங்கே போகிறது என்பது என் மேஜையில் தெரியும். எனக்கு அது தெரியும் என்பது எக்சில்டாவுக்கும் தெரியும். லுசெங்கா குடியிருப்பில் நானும் வெப்பியும் ஒரே தெரு. அவள் என்னை முலாமு என்றுதான் கூப்பிடுவாள். கொழுந்தன் என்று அர்த்தம். அவள் பெம்பா, நான் ங்கோனி. இந்த இரண்டு இனத்துக்காரர்களும் சாவு வீட்டில்கூட ஒருவரையொருவர் எலி தின்னி, குரங்கு தின்னி என்று கிண்டல் செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்று அவள் கிண்டல் செய்யவில்லை. "முலாமு, 'நீ மேல களி கிண்டுற, நான் உனக்கு நேர் கீழ பாறை உடைக்கிறேன்'னு அவன் சொல்லுவான். இப்பவும் அங்கதானே இருக்கான்? எங்க வீட்டுக்குக் கீழதானே?"

வெப்பி விளையாட்டுக்குச் சொன்னது அது. அவன் கிடந்த இடம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் கிழக்கே. அவள் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையசைத்தேன்.

அதற்குப் பிறகு எக்சில்டா காலையில் சந்தையில் கருவாடு விற்பாள். மத்தியானம் இரண்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவாள். இரண்டு மணிக்குச் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். அலமாரியில் தட்டுகள் குலுங்கும். ஊரே அதில் வளர்ந்தது, யாரும் பொருட்படுத்த மாட்டோம். வெடி ஓய்ந்து ஒரு மணி நேரம் கழித்து, தெரு அடங்கிக் கிடக்கும்போது, அவள் வீட்டுத் தரைக்கு அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்கும் என்றாள். மூன்று தட்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று.

அக்கம்பக்கத்தில் பயந்தார்கள். பிள்ளைகளை அவள் வாசல் பக்கம் விடவில்லை. மகள் சிலேஷே நிடோலா நகரத்துக்குக் கல்யாணமாகிப் போன பிறகு அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கக் கூப்பிட்டுப் பார்த்தாள். எக்சில்டா நகரவில்லை. இரண்டு பேர் மணக்கக் கேட்டார்கள். "வீட்டுல ஆள் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஒருநாள் நானும் போனேன். சிவப்பு மெருகு போட்ட சிமெண்டுத் தரையில் அவள் காதை வைத்துப் படுத்திருந்தாள். என்னையும் படுக்கச் சொன்னாள்.

"எலி தின்னி, வாயை மூடிக்கிட்டுக் கேளு."

"குரங்கு தின்னிக்கு எல்லாமே கேக்கும். எனக்கு என்ன..."

அப்போது கேட்டது. தூரத்தில் யாரோ கட்டையால் கட்டையில் தட்டுவதுபோல. மூன்று. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் புன்னகையோடு படுத்திருந்தாள். அது வெப்பி இல்லை என்று தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

பதினோரு வருஷம் இப்படியே போயிற்று. இதற்கிடையில் செம்பு விலை ஏறியது. சுரங்கத்துக்குப் புது முதலாளிகள் வந்தார்கள். கிழக்குப் பக்கம் நான்குவழிச் சாலையும் கண்ணாடிக் கட்டடங்களும் பெரிய வணிக வளாகமும் எழுந்தன. லுசெங்கா மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் கை நுழையும் அளவு வெடிப்பு. ஒரு காலை பள்ளிக்கூடக் கழிப்பறை இருந்த இடத்தில் பள்ளம் கிடந்தது. கம்பெனி எல்லோருக்கும் ஒன்பது கிலோமீட்டர் தள்ளிப் புது வீடு கட்டிக் கொடுத்தது. இருநூறு குடும்பம் லாரி ஏறியது. நானும் ஏறினேன். எக்சில்டா ஏறவில்லை.

தண்ணீரை நிறுத்தினார்கள், மின்சாரத்தை வெட்டினார்கள். அவள் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தாள். கடைசியில் சுரங்க மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "ஜெரே, அந்தம்மா புருஷன் அந்த வீட்டுக்கு அடியில இல்லைன்னு உனக்குத் தெரியும். வரைபடத்தை எடுத்துட்டுப் போ. காட்டு."

அன்று நான் சொல்லாத உண்மை இப்போது அவளை வெளியேற்றும் கருவி ஆனது. ஆனாலும் போனேன். கூரை விழுந்து அவள் சாவதைவிட இது மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலை பத்து மணி. இருபுறமும் கூரை கழற்றிய வீடுகள். அவள் வாசலில் கருவாட்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா முலாமு. பேய் வீட்டுக்கு விருந்தாளி வந்து ரொம்ப நாளாச்சு."

நான் மேஜையில் வரைபடத்தை விரித்தேன். "பனா சிலேஷே, நான் ஒண்ணு சொல்லணும். உக்காருங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பிள்ளையின் பேரைச் சொல்லி, இன்னாரின் அம்மா என்று கூப்பிடுவதுதான் மரியாதை. நான் அந்த மரியாதையோடு பேசியதுமே அவள் உஷாராகிவிட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். இது உங்கள் வீடு. வெப்பி இங்கே இருக்கிறான். என் விரல் நின்ற இடத்துக்கு மேலே புது வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடம் இருந்தது.

அவள் வெகுநேரம் தாளைப் பார்த்தாள். "அன்னிக்கு நீ தலையாட்டினே."

"ஆமாம்."

"ஏன்?"

"உங்க முகத்தைப் பாத்து வேற எதுவும் செய்ய முடியல."

அவள் அழவில்லை, திட்டவில்லை. தரையைப் பார்த்தாள். "அப்போ இங்க தட்டினது யாரு?"

அதற்கும் பதில் தெரிந்தே போயிருந்தேன். வீட்டுக்கு நேர் கீழே, நூறு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில், வெள்ளைக்காரன் காலத்துச் சுரங்கவழி ஒன்று இருந்தது. ஐம்பத்து மூன்றில் அது இடிந்தது. உள்ளே ஐந்து பேர். எடுக்க முயன்றதாகப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. பேரும் இல்லை, வேலை எண் மட்டும் எழுதியிருந்தார்கள். இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டு, "பழைய மரத்தூண் உக்கி நெரியுற சத்தமா இருக்கும். தண்ணியா இருக்கும்" என்றேன்.

"நீ கேட்டியே. மரமா அது?"

நான் வரைபடத்தைச் சுருட்டினேன்.

பிறகு அவள் சொன்னது எனக்குப் புதிது. கடைசி நாள் காலையில் இருவருக்கும் சண்டை. முந்தைய ராத்திரி அவன் குடித்துவிட்டு வந்தான் என்று அவள் சாப்பாடு கட்டிக் கொடுக்கவில்லை. அவன் வாசலில் நின்று கூப்பிட்டபோதும் கதவைத் திறக்கவில்லை. வெறும் வயிற்றோடு இறங்கினான்.

"தரையில படுத்து அதைத்தான் சொன்னேன். பதினோரு வருஷமா சொன்னேன். மன்னிச்சிட்டியான்னு கேப்பேன். மூணு தட்டு தட்டுவான். மன்னிச்சுட்டான்னு எழுந்து போய் அடுப்பு மூட்டுவேன்." திடீரென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க முடியவில்லை. "யாரு முலாமு என்னை மன்னிச்சது? முன்னப்பின்ன தெரியாத அஞ்சு ஆம்பளைங்ககிட்ட என் குடும்ப ரகசியம் எல்லாத்தையும் கொட்டியிருக்கேன்."

பிறகு எண்களைக் கேட்டாள். கருவாடு மடிக்கும் தாளில் எழுதிக் கொடுத்தேன். 611, 640, 702, 718, 955.

மூன்றாம் நாள் லாரி வந்தது. சாமான் ஏறி முடிந்ததும் அவள் வெற்று அறைக்குள் திரும்பிப் போய் ஒரு குடுவை முன்கோயோவைத் தரையில் ஊற்றினாள். வேரும் சோளமும் போட்டுப் புளிக்க வைக்கும் பானம் அது. "நான் போறேன், ஐயாமாரே. இவ்வளவு நாள் கேட்டுக்கிட்டிருந்தீங்க" என்றாள். பதில் வருகிறதா என்று நானும் நின்று கேட்டேன். எதுவும் வரவில்லை. ஏழு வாரம் கழித்து வீடு உள்ளே போனது. இப்போது அங்கே கம்பிவேலி போட்ட பள்ளமும் பச்சைத் தண்ணீரும் இருக்கின்றன.

வணிக வளாகத்துக்கு அவள் ஒரே ஒருமுறை போனாள். நானும் கூடப் போனேன். இரண்டு கார்களுக்கு நடுவில் மண்டியிட்டுத் தாரில் காதை வைத்தாள். ஒலிபெருக்கியில் பாட்டு, தள்ளுவண்டிகளின் கடகடப்பு. காவலாளி ஓடி வந்தான். "அம்மா, என்ன தொலைச்சீங்க? எழுந்திருங்க, வண்டி வருது." அவள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "இங்க ஒண்ணும் கேக்காது, முலாமு" என்றாள். அவ்வளவுதான்.

அந்த நவம்பரில், இறந்தவர்களுக்கான பூசையில் தன் ஐந்து பேரையும் வாசிக்க வேண்டும் என்று பாதிரியாரிடம் தாளைக் கொடுத்தாள். ஆன்மாவுக்கு எண் கிடையாது, ஒரு பேராவது வைத்துக் கொடுங்கள் என்றார் அவர்.

"பேர் வைக்க நான் யாரு, ஃபாதர்? அவங்க அம்மா வச்ச பேர் எங்கயோ இருக்கும்."

வெப்பியையும் சேர்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அவனிடம் தான் இன்னும் பேசி முடிக்கவில்லை என்றாள்.

பாதிரியார் வாசித்தார். அறுநூற்றுப் பதினொன்று. அறுநூற்று நாற்பது. கோயிலில் இருந்தவர்கள் பாட்டு எண் என்று நினைத்துப் புத்தகத்தைப் புரட்டினார்கள். எங்கள் புத்தகத்தில் முந்நூறுக்கு மேல் பாட்டு இல்லை. ஐந்தாவது எண்ணை வாசித்து முடித்த பிறகும் அந்தத் தாள்களின் சரசரப்பு நிற்கவில்லை. எக்சில்டா என் பக்கத்தில் கண்ணை மூடி நின்றிருந்தாள்.