உப்புப் பிட்டு

அவித்த கோதுமை மாவின் வாசமும் மண்ணெண்ணெய் ஹீட்டரின் புகையும் கலந்து நெஞ்சை அடைக்கும் ஓர் அறை, எண்பதுகளின் கடைசியில், லண்டன் பிளேஸ்டோவில் எங்களுக்கு இருந்தது. எனக்கு எட்டு வயது. மாமாவோடு நான் முன்னதாகவே லண்டன் வந்துவிட, அம்மாவும் நாலு வயதுத் தங்கச்சி வதனியும் அந்தத் தை மாதம்தான் வந்து சேர்ந்தார்கள். அப்பா கொழும்பில் விசாவுக்கு நிற்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வதனி ஒன்றுமே சொல்லவில்லை. வந்த நாளிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை.

மாவும் உப்பும் தண்ணீரும் குழைத்துப் பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கச் சொன்னார் நேர்சரி ஆசிரியை. "கை ஓடினா நாக்கும் ஓடுமாம்" என்று அம்மாவுக்கு நான் மொழிபெயர்த்தேன். பேசாவிட்டால் வேறு பள்ளிக்கூடம் பார்க்கவேண்டி வரலாம் என்றும் அவர் சொன்னார். அதை, இவளைத் தனியே பிளேனில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே மொழிபெயர்த்து நடுங்கினேன்.

எங்கள் வீட்டில் மா என்றால், பிட்டுக்கும் இடியப்பத்துக்குமாக அவித்து அரித்து வைத்த "அவிச்ச மா"தான். அதில் அம்மா உப்பை அள்ளிப் போட்டு, நிறத்துக்கு மஞ்சளும் தூவிக் குழைக்கக் குழைக்க, அது உருண்டை பிடிக்காமல் பொலபொலவென்று உதிர்ந்தது. பிட்டு என்று நினைத்த வதனி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். முகம் கோணியது, கண்ணீர் கொட்டியது, சத்தம் மட்டும் வரவில்லை. நான் ஒற்றைச் செருப்போடு மாடிப்படியில் பாய்ந்து, "தங்கச்சி சாகப்போறாள்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

மேல்வீட்டில் இருந்த மன்னார்க்கார ஜெசி அக்கா ஓடிவந்து, பிள்ளையின் வாயைக் கழுவிவிட்டு, ஒரு துணுக்கைத் தானும் நாக்கில் வைத்துப் பார்த்தார். "இதென்னக்கா, உப்புப் பிட்டோ? அவிச்ச மா எங்க இழுபடும்? பச்சை மாவை எடுங்கோ. டேய், நீ முதல்ல மற்றச் செருப்பைத் தேடு!"

அவிக்காத அந்தப் பச்சை மா, உப்பும் மஞ்சளும் சேர்த்துக் குழைத்ததும், இழுபட்டது. வதனி நெடுநேரம் உருட்டி, மஞ்சளாய் ஒரு நீள மனிதனைச் செய்து, பலகையில் கிடத்தி, கைதுடைக்கும் துணியால் கழுத்துவரை போர்த்தினாள்.

"இது ஆர், மாமாவோ? எழும்பச் சொல்லடி, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றேன்.

"இது அப்பா" என்றாள் வதனி. "எழும்பமாட்டார். அம்மா எழுப்பிப் பாத்தவ."

ஜெசி அக்கா திறந்திருந்த குழாயை மூடினார். நான் சிரித்தேன், பயம் வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும், இன்றைக்கும் அப்படித்தான். அம்மா என்னை அடிக்கவில்லை. துணிக்கு வெளியே தெரிந்த மாக்கால்களை மெல்ல மூடிவிட்டார்.

இப்போது விளையாட்டு மா நிறம் நிறமாய்க் கடையில் டப்பாவில் வருகிறது, ஒருவர் வீட்டிலும் குழைப்பதில்லை. அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அம்மா இல்லை, பிறகு மோர்டன் பக்கம் வீடு மாறிப் போன ஜெசி அக்காவும் இல்லை. ஓயாமல் கதைக்கும் வதனிக்கு எதுவுமே நினைவில்லை.

"நான் லண்டனுக்கு வந்து முதல்ல என்ன கதைச்சனான், அண்ணா?" என்று போன கிழமையும் கேட்டாள்.

"'பசிக்குது' எண்டு கத்தினனி. வேறென்ன கதைப்பாய் நீ?" என்றேன்.

நெடுநேரம் சிரித்தாள்.