மூக்கண்ணன் கழற்றிய வால்வு

அவருக்கு மூக்கண்ணன் என்று பெயர் வந்ததற்கு மூக்கின் அளவு காரணமில்லை. அளவும் ஒன்றும் குறைச்சலில்லை என்பது வேறு விஷயம். கார் பட்டறை வாசலில் வந்து நின்றதும் புகைக்குழாய்ப் பக்கம் குனிந்து ஒரு முகர்வு முகர்வார். ஆயில் எரிகிறதா, பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறதா என்று சொல்லிவிடுவார். முப்பது வருஷமாகப் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவந்ததில், தான் தப்பே செய்ய மாட்டோம் என்று ஒரு எண்ணம் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஒரு நாள் காலையில் பல் டாக்டரம்மா ஒருவர் பழைய வெள்ளைக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார்.

“வாங்கி ரெண்டு மாசம்தாங்க ஆச்சு. பின்னால ஒரே பெட்ரோல் வாடை. பல்லு புடுங்க வர்றவங்க என்னைப் பாத்து மூஞ்சியச் சுளிக்கிறாங்க.”

மூக்கண்ணன் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பேங்க் மேனேஜர் வைத்திருந்த கார் அது. அன்றைக்கும் இதே வாடைதான்.

அப்போது பட்டறையில், இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வேலையெல்லாம் பார்த்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அதிகம் பேசமாட்டான், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மேனேஜர் காருக்கு அவன் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து கொடுத்த மறுவாரமே வாடை என்று கார் திரும்பி வந்தது. மேனேஜர் நாலு பேர் முன்னால் தாம்தூம் என்று குதித்தார். மூக்கண்ணன் அதை அப்படியே மச்சினன் பக்கம் திருப்பிவிட்டார். “வேலைய ஒழுங்கா செய்ய வக்கில்ல, உனக்கெல்லாம் சோறு ஒரு கேடா?” என்று கேட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

மச்சினன் மேனேஜரைப் பார்த்தான், பிறகு இவரைப் பார்த்தான். “நான் செஞ்சதுல தப்பில்ல மாமா” என்றான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனவன்தான், திரும்பி வரவில்லை. மேனேஜரும் கோபத்தில் காரை எடுத்துப்போய் வீட்டில் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து மனைவி சோறு போடுவாள், கேட்டால் பதில் சொல்வாள். தானாக ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

கோளாறு இன்ஜெக்டரில்தான் இருக்க வேண்டும் என்று மூக்கண்ணன் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். முதல் வேலையாக அவற்றைத்தான் கழற்றிச் சோதித்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிளக்குகளில் கரி அப்பியிருந்தது, புதிது போட்டார். ஏர் ஃபில்டரை மாற்றினார். வாடை போகவில்லை. கடைசியில் மீட்டரை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். தொண்ணூறு டிகிரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய இன்ஜின் சூடு ஐம்பதைத் தாண்டவில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்வரை காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், சூடேறியதும் குறைத்துக்கொள்ளும். இது சூடேறவே இல்லை, அதுவும் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

சூட்டை அளக்கும் சென்சார் சரியாக இருந்தது. மிச்சம் தெர்மோஸ்டாட் வால்வு ஒன்றுதான். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்துவைப்பது அது. இரண்டு போல்ட்டைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே வால்வே இல்லை.

யார் கழற்றியது என்று ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். வண்டி சூடாகிறது என்று யார் வந்தாலும் அந்த வால்வைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “தொல்லை விட்டது போங்க” என்பார். மேனேஜர் காரிலும் அதைத்தான் செய்திருந்தார், மச்சினன் இன்ஜெக்டரில் கைவைத்த அதே வாரத்தில்.

புது வால்வு போட்டதும் சூடு ஏறிற்று, வாடை போயிற்று. டாக்டரம்மா நன்றி சொன்னபோது மூக்கண்ணனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மத்தியானம் சாப்பாட்டின் முன் உட்கார்ந்து, “அன்னிக்குத் தப்பு என்னுதுதான்” என்றார் மனைவியிடம்.

“என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?” என்று தட்டை நகர்த்தி வைத்தாள்.

சாயங்காலம் தன் காரை எடுத்துக்கொண்டு மச்சினனைத் தேடிப் போனார். துணிக்கடை ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில், நீலச் சட்டை போட்டுக்கொண்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான் அவன். ஒரு இன்ஜினின் முக்கலையும் முனகலையும் கேட்டே வைத்தியம் பார்த்தவன்.

மூக்கண்ணன் கண்ணாடியை இறக்கினார். “அந்த வெள்ளக் காரு மாப்ளே. உள்ள வால்வு இல்ல. நான்தான் கழட்டியிருக்கேன்.”

“தெரியும் மாமா. அன்னிக்கே தெரியும். ஸ்டார்ட் பண்ண உடனே ரேடியேட்டர் குழாயத் தொட்டுப் பாத்தேன், அப்பவே லேசா சூடு ஏற ஆரம்பிச்சுருச்சு. வால்வு இருந்தா இன்ஜின் சூடாகுற வரைக்கும் ஏறாதே.”

“அப்ப ஏன்டா வாயத் தொறக்கல?”

“மேனேஜர் முன்னாடியா? அவரு உங்கள உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பாரு.” சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தான். “ஒரு வாரம் வீட்லயேதான் இருந்தேன். வந்து கேப்பீங்க, தனியா சொல்லிக்கலாம்னு. அப்புறம் ஏழெட்டு ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கினேன். ஒருத்தரும் சேத்துக்கல. என் நேரம்.”

அவன் காத்திருந்த அந்த வாரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது மூக்கண்ணனுக்கு நினைவிருந்தது. வால்வுக்காக மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தை தேடி வைத்திருந்தார். இதற்கு ஒன்றும் இல்லை. அவன் நேரம் என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படி நினைத்ததற்கே அவருக்கு வெட்கமாக இருந்தது.

“நேரம் இல்ல மாப்ளே. அந்த வாரம் ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்புக்கா நான்தான் போன் போட்டேன். உன்னச் சேக்க வேணாம்னு.”

மச்சினனின் கை டோக்கனோடு அப்படியே நின்றது. பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். அவன் டோக்கனை அவர் கையில் வைத்தான்.

“வண்டிய எடுங்க சார். பின்னாடி ஆளு நிக்குது.”