மின்னல் சாப்பிடப் போன சாயங்காலம்

என் மாப்பிள்ளை முதன்முதலாக எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த அன்று, நான் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் தட்டு காலி. இன்னும் பரிமாறவே இல்லை போலிருக்கிறது, புத்தி எங்கே போயிற்று என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் பரிமாறினேன். உப்பு எடுக்கத் திரும்பினேன். மறுபடியும் காலி. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ரொம்ப நல்லா இருந்துச்சு அத்தை" என்றார். எது நன்றாக இருந்தது என்று நாக்குக்கே தெரிந்திருக்காதே என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. புது மாப்பிள்ளை.

அவருக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. ஏணி ஏறுகிறவர். மணி அடித்துவிட்டால் வாயில் இருப்பதை விழுங்கினாலும் விழுங்காவிட்டாலும் வண்டியில் இருக்க வேண்டும். நெருப்பை அணைத்துவிட்டு உடம்பெல்லாம் கரியாகத் திரும்பி வந்தால், விட்டுப்போன தட்டில் எறும்புகள் பந்தி போட்டு உட்கார்ந்திருக்கும். அதனால் அவருக்கு ஒரு பிடிவாதம். "தட்டுல விட்டுட்டுப் போனா அது நமக்கு இல்ல அத்தை" என்பார். ஒரு பருக்கை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. நிலையத்தில் அவருக்கு மின்னல் என்று பெயர். ஏணி ஏறுகிற வேகத்துக்காக வைத்த பெயர் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்த பெயர் என்று எங்களுக்குத் தெரியும். மனிதர் சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மற்றபடி குறை சொல்ல நானும் தேடித்தான் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வெளியேறுகிற வழி எத்தனை என்று முதலில் பார்ப்பார், அது ஒன்றுதான். ராத்திரி படுக்கும் முன் அடுப்படிக்குப் போய் மூக்கை உறிஞ்சி மோந்து பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் சிகரெட் பற்றவைத்தால் எங்கள் வீட்டு ஜன்னல் திறக்கும்.

என் பெண்ணுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவளும் அவரும் ஒரு வேளைச் சாப்பாட்டை ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக முடித்ததில்லை. அவள் உட்காருவதற்குள் அவர் எழுந்துவிடுவார். இல்லையென்றால் போன் வந்துவிடும்.

அவர் ஓய்வு பெற்ற அன்று நிலையத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பரிசு கொடுத்தார்கள். பெரிய தெருவில் ஒரு ஓட்டல் இருக்கிறது. அங்கே ஒன்பது தட்டுச் சாப்பாடு. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுவந்து கொட்ட மாட்டார்கள். ஒன்று முடிந்தால்தான் ஒன்று. மூன்று மணி நேரம் பிடிக்கும். அவருக்கும் என் பெண்ணுக்கும் எனக்குமாக மூன்று இடம் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். நிலையத்துப் பெரிய அதிகாரிக்கு விளக்குமாறு மாதிரி மீசை. அதைத் தடவிக்கொண்டே, "மின்னல், கடைசித் தட்டு வரைக்கும் நீ அங்க இருந்துட்டா நான் இந்த மீசையையே எடுத்துடறேன்யா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் பெண் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் என்னிடம் சொன்னாள்: "அம்மா, எனக்கு நகை வேணாம், டூர் வேணாம். இந்த ஒரு சாப்பாட்டை அவர் என்கூட முழுசா உட்கார்ந்து சாப்பிட்டாப் போதும்."

அதற்கு அவள் போட்ட திட்டம் இருக்கிறதே, நான் அவள் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு யோசிக்கவில்லை. பஸ் வேண்டாம், நெரிசலில் யாராவது மயங்கி விழுந்தால் இவர் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று கார் சொன்னாள். வேட்டியா பேண்ட்டா என்று இரண்டு நாள் பேச்சு. அவர் போன் என் கைப்பையில் இருக்கும், கேட்டாலும் தரக் கூடாது என்று எனக்கு உத்தரவு. ஓட்டலுக்குப் போன் போட்டுப் பேசினாள். "நடுவுல கிளம்புற மாதிரி எதுவும் வெச்சுக்காதீங்க மேடம்" என்றார்களாம். "இதைக் கொஞ்சம் அவர்கிட்டயும் சொல்லுங்களேன்" என்று போனை அவர் காதில் வைத்துவிட்டாள்.

ஒத்திகையும் நடந்தது. உருளைக்கிழங்கை வேகவைத்துத் துண்டு போட்டு அவர் முன்னால் வைத்தாள். ஒரு துண்டு சாப்பிட வேண்டும், கரண்டியைக் கீழே வைக்க வேண்டும், ஏதாவது பேச வேண்டும், அப்புறம்தான் அடுத்த துண்டு.

அவர் ஒரு துண்டு சாப்பிட்டார். "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்றார்.

அடுத்த துண்டு. "நேத்தும் ஜாஸ்தி."

அடுத்தது. "நாளைக்கும் இருக்கும்."

பிறகு பேச்சுக்கு விஷயம் தீர்ந்துபோய், மிச்சத்தை எல்லாம் ஒரே வாயில் போட்டுக்கொண்டார். என் பெண் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

எனக்கும் அவளுக்கும் நடந்த சண்டை வேறு. மத்தியானம் யாரும் சாப்பிடக் கூடாது, காலி வயிற்றோடு போக வேண்டும் என்றாள். பெரிய இடத்துக்குப் பசியோடு போகவே கூடாது என்றேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை. ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். "அங்க போய் அதை வெளிய எடுத்தே, நான் உன் பொண்ணே இல்லை" என்றாள். "இல்லாமலே இருந்துட்டுப் போயேன்" என்றேன்.

ஓட்டலுக்குள் வெளிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மேஜைக்கு மேஜை வெள்ளைத் துணி, ஒரு மெழுகுவர்த்தி. நல்ல உசரமாக ஒரு பையன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன்தான் எங்களுக்குப் பரிமாறுகிறவன். மாப்பிள்ளை உட்காரவில்லை.

"பின்பக்கம் வழி எங்க இருக்கு தம்பி?"

"பாத்ரூமா சார்?"

"இல்ல. ஓடுறதுக்கு."

பையன் என் பெண்ணைப் பார்த்தான். அவள், "காட்டிடுங்க தம்பி, இல்லேன்னா உட்கார மாட்டார்" என்றாள். காட்டினான். உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மெழுகுவர்த்தியைப் பார்த்தார், அதற்குப் பக்கத்தில் ஆடுகிற திரைச்சீலையைப் பார்த்தார், விரலை நாக்கில் தொட்டுத் திரியைப் பிடித்து அணைத்துவிட்டார். பையன் வந்து ஏற்றினான். இவர் அணைத்தார். பையன் பாவம், காற்று என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் ஏற்றினான். மூன்றாம் தடவை நான்தான் சமாதானம் செய்துவைத்தேன். திரையை இழுத்துக் கட்டுவது, மெழுகுவர்த்தியை விட்டுவிடுவது.

அந்த நேரம் உள்ளே சமையல்கட்டில் 'டிங்' என்று மணி அடித்தது.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மாப்பிள்ளை வாசலுக்குப் பாதித் தூரம் போய்விட்டார். எல்லா மேஜையும் திரும்பிப் பார்த்தது.

"என்னங்க, உட்காருங்க" என்றாள் என் பெண். "அது சூப்புக்கு அடிச்ச மணி."

சூப் வந்தது. குழந்தைக்கு மருந்து கொடுக்கிற கிண்ணம் அளவுதான். அவர் தலையைச் சாய்த்தார், முடிந்தது. கைகளைத் தேய்த்துக்கொண்டு சமையல்கட்டு வாசலைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"தம்பி, அடுத்தது?"

"அவங்க ரெண்டு பேரும் முடிக்கணும் சார். மேஜைல எல்லாரும் முடிச்சாத்தான் அடுத்த தட்டு வரும். இங்க அதான் முறை."

ஓடுகிற வண்டியை யாரோ நிறுத்திச் சாவியைப் பிடுங்கிக்கொண்டது மாதிரி அவர் முகம் ஆகிவிட்டது. என் பெண் சூப்பைக் கரண்டி நுனியில் எடுத்து, ஊதி, பார்த்து, மறுபடியும் ஊதிக் குடித்தாள். ஆறிப்போன சூப்பை எதற்கு ஊதுகிறாள் என்று எனக்குத் தெரியாதா? என் பெண்தானே.

அடுத்து ஒரே ஒரு கேரட் வந்தது. அதற்கு மேல் ஏதோ பொடி தூவி, அது மண்ணாம். சாப்பிடலாமாம். பிறகு காளான். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பையன் நின்று விளக்கம் சொன்னான். மாப்பிள்ளை அவன் சொல்லி முடிப்பதற்குள் சாப்பிட்டு முடித்தார். ஆனாலும் உட்கார்ந்திருந்தார். என் பெண்ணின் முகத்தில் மெல்ல ஒரு நம்பிக்கை வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் வெளியே சைரன் கேட்டது.

"நம்ம வண்டி" என்றார். எழுந்து போயேவிட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், நடைபாதையில் நின்று தலையைச் சாய்த்து, சத்தம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய அதிகாரியின் மீசைக்கு அந்த நிமிஷம் ஒரு ஆபத்தும் இல்லை.

பையன் மீன் தட்டு மூன்றைக் கொண்டுவந்தான். காலி நாற்காலியைப் பார்த்தான். அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போகப் பார்த்தான்.

"ரெண்டு தட்டையாவது வெச்சுட்டுப் போப்பா" என்றேன்.

"மூணு பேரும் இருந்தாத்தான் பாட்டி வைப்போம். சார் வரட்டும்."

நான் போய்க் கூப்பிட எழுந்தேன். என் பெண் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "கூப்பிடாதேம்மா. அவரா வரட்டும்." கரண்டியைத் துணியில் துடைத்துத் துடைத்து வைத்தாள். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பன்னை எடுத்துப் பாதி பிய்த்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. திட்டவும் இல்லை.

சைரன் தேய்ந்து ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தார். "யாரு ஓட்டறான்னு தெரியல, வளைவுல பதமா திருப்புறான்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். மேஜை வெறுமையாக இருப்பதைப் பார்த்தார்.

"இன்னும் வரலையா?"

"வந்துச்சு. நீங்க இல்லேன்னு திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

"அட, நீங்க சாப்பிட வேண்டியதுதானே?"

"வீட்லயும் இதையேதான் சொல்லுவீங்க. நான் என்னிக்குச் சாப்பிட்டிருக்கேன்?"

"ஏய், நான் வந்து கேட்டா சாப்டாச்சுன்னு சொல்வியே!"

"சொல்வேன். சொல்லலேன்னா நீங்க நிம்மதியாப் படுப்பீங்களா? நீங்க படுத்தப்புறம் சாப்பிடுவேன்."

"இத்தனை வருஷமாவா?"

"மூணு பேரும் இருந்தாத்தான் தட்டுன்னு அந்தத் தம்பி சொல்றான் பாருங்க. அவன் நல்லவன், வாயைத் திறந்து சொல்லிட்டான்."

அவர் சாட்சிக்கு என்னைப் பார்த்தார். நான் பன்னைப் பார்த்தேன்.

மீன் வந்தது. முதன்முறையாக அவர் கரண்டியை உடனே எடுக்கவில்லை. அவள் ஒரு வாய் எடுத்த பிறகுதான் எடுத்தார். பழக்கம் போகுமா, அடுத்த நொடி தட்டு காலி. ஆனால் இந்தத் தடவை சமையல்கட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, தானாகப் பேச ஆரம்பித்தார்.

ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்ததாம். ஒருத்தர் கூரை மேல் மாட்டிக்கொண்டு இறங்க முடியாமல் இருக்கிறார் என்று. போய்ப் பார்த்தால் அவர் பெண்டாட்டிதான் கோபத்தில் ஏணியை எடுத்து ஒளித்துவைத்திருக்கிறாள். "நாங்க எங்க ஏணியைச் சாத்தினோம். அந்தம்மா வந்து ஏணியைப் பிடிச்சுக்கிட்டு, அவர் மன்னிப்புக் கேட்டாத்தான் விடுவேன்னுட்டாங்க. மேலேருந்து அவர், கேட்க மாட்டேங்கிறார். வேலியோரம் கூட்டம். கடைசில நான் ஏறிப் போய் அவர் காதுல, சார், மழை வருது, கேட்டுத் தொலைங்கன்னேன்."

என் பெண் சிரித்ததில் தண்ணீர் புரை ஏறிவிட்டது. "இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்லை?"

"சொல்லணும்னுதான் வந்தேன். நீ சாப்டாச்சுன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டே."

அதற்குப் பிறகு என்னென்ன தட்டு வந்தது என்று கேட்டால் எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியாது. கரண்டியில் எலுமிச்சை ஐஸ் ஒன்று, இறைச்சி ஒன்று. அவர்கள் இரண்டு பேரும் கவனித்திருந்தால்தானே நான் கேட்டுத் தெரிந்துகொள்ள.

கடைசித் தட்டு சாக்லேட். அவர் வழக்கம்போல ஒரே மூச்சில் இறங்கினார். பாதியில் வேகம் குறைந்தது. சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு துண்டு மிச்சம் இருந்தபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். வயிறு சரியில்லையோ என்று பயந்துபோனேன். என் பெண் அப்போது அவர்கள் முதலில் குடியிருந்த ஒற்றை அறையைப் பற்றி, ராத்திரி முழுக்கச் சொட்டிக்கொண்டே இருந்த குழாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பையன் தட்டுகளை எடுக்க வந்தான், மிச்சத்தைப் பார்த்தான், போய்விட்டான். மறுபடியும் வந்தான், பார்த்தான், போனான். மற்ற மேஜைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சாக்லேட் உருகத் தொடங்கியது. வீணாகப் போகிறதே என்று நான் என் கரண்டியை நீட்டினேன். அவர் தட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அத்தை, அதுல கை வைக்காதீங்க."

"உருகுது மாப்பிள்ளை."

"உருகட்டும்."

என் பெண் பேச்சை நிறுத்தினாள். தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அப்புறம் குழாய்க் கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். உள்ளே எங்கேயோ மணி 'டிங்' என்றது. அவர் அசையவில்லை. பையன் வந்து எங்கள் மெழுகுவர்த்தியை அணைக்கக் குனிந்தான்.

"எரியட்டும் தம்பி" என்றார் மாப்பிள்ளை. "நான் பாத்துக்கறேன்."

அடுத்த வாரம் வாசலில் ஒருத்தர் வந்து நின்றார். கதவைத் திறந்து, யார் வேணும் என்று கேட்டேன். அவர் மேலுதட்டைக் கையால் மூடிக்கொண்டு, "மின்னல் இருக்காரா?" என்றார். மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் உட்காரச் சொன்னேன், நேரமாகும் என்றேன்.